மூச்சின் கையிருப்பு

கொழும்பு வெள்ளவத்தைச் சந்தையின் ஆட்டிறைச்சிக் கடைகளில், ஈரலும் இதயமும் குடலும் தொங்கும் கொக்கிகளுக்கு நடுவே, வெளிறிய இளஞ்சிவப்பு நிறத்தில் நுரையீரலும் தொங்கும். விரலால் அழுத்தினால் பள்ளம் விழும்; உள்ளே ஏதோ நுண்ணியதாக நொறுங்குவது விரல் நுனிக்குத் தெரியும். கழுவுவதற்காகக் கடைக்காரர் வாளித் தண்ணீரில் போடும்போது ஈரல் அடியில் போய் இருந்துவிடும், நுரையீரலோ மிதக்கும். ஆடு இறந்து பல மணி நேரமாகியும் அதற்குள் காற்று இருக்கிறது. மனிதருக்கும் அப்படித்தான். எவ்வளவு முக்கி ஊதினாலும், வளர்ந்த ஒருவரின் நுரையீரலில் ஒரு லீற்றருக்குச் சற்று அதிகமான காற்று வெளியேறாமல் தங்கிவிடுகிறது. காற்றறைகள் முழுவதுமாகச் சுருங்கிச் சுவரோடு சுவர் ஒட்டிக்கொண்டால் அவற்றை மீண்டும் திறக்கப் பெரும் விசை தேவைப்படும் என்பதால், அந்தத் தங்கல் ஒவ்வொரு மூச்சையும் எளிதாக்குகிறது. ஒரு மூச்சுக்கும் அடுத்த மூச்சுக்கும் இடையில் ஓடிக்கொண்டே இருக்கும் குருதிக்கு ஒட்சிசன் இடைவிடாமல் கிடைப்பதும் அந்தத் தங்கலால்தான்.

நுரையீரலைப் பற்றி எதை வாசித்தாலும் இந்த மிகுதிதான் முதலில் கண்ணில் படுகிறது. நமக்கு அன்றாடம் தேவைப்படுவதைவிட மிக அதிகமாகவே அது கொடுக்கப்பட்டிருக்கிறது. அந்த மிகுதியால்தான் நாம் ஓடுகிறோம், மாடியேறுகிறோம், நிமோனியாவிலிருந்து எழுந்து வருகிறோம். ஆனால் அதே மிகுதி, நுரையீரலுக்கு நேரும் சேதத்தையும் பல பத்தாண்டுகளுக்கு மறைத்துவிடுகிறது. இதயம் வலித்து எச்சரிக்கும், பல்லும் வலித்து எச்சரிக்கும். நுரையீரலின் உட்பகுதியிலோ வலியை உணரும் நரம்புகள் இல்லை. மூச்சு வாங்குகிறது என்று ஒருவர் வைத்தியரிடம் போகும் நாளில், கையிருப்பின் பெரும்பகுதி பெரும்பாலும் தீர்ந்திருக்கும். நாற்பது வயதைத் தாண்டிய ஒவ்வொருவரும், குழந்தை வளர்க்கும் ஒவ்வொருவரும் இதை அறிந்திருக்க வேண்டும் என்பதற்காகவே இந்தக் கட்டுரையை எழுதுகிறேன்.

மூக்கு வழியாக உள்ளே போகும் காற்று, வாதனாளியில் இறங்கி, வலப்பக்கமும் இடப்பக்கமுமாகப் பிரிந்து, பிரிந்த ஒவ்வொன்றும் மறுபடி இரண்டாகி, இவ்வாறு ஏறத்தாழ 23 தடவை கிளைத்த பின்னரே காற்றறைகளைச் சென்றடைகிறது. வலது நுரையீரலுக்கு மூன்று மடல்கள். இடதுபக்கம் இதயத்துக்கு இடம் விட்டதனால் இரண்டுதான். கிளைகளின் முடிவில் இருக்கும் காற்றறைகள் ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீற்றரில் ஐந்தில் ஒரு பங்கு அகலமே கொண்டவை என்றாலும், அவற்றின் எண்ணிக்கை 30 கோடி முதல் 50 கோடி வரை இருக்கும். எல்லாவற்றையும் விரித்துப் பரப்பினால் ஏறத்தாழ 70 சதுர மீற்றர், அதாவது வெள்ளவத்தையில் இரண்டு படுக்கையறைகள் கொண்ட ஒரு தொடர்மாடி வீட்டின் தரை அளவு வரும். அந்தப் பரப்பு முழுவதிலும் காற்றுக்கும் குருதிக்கும் இடையில் இருக்கும் சுவரின் தடிப்பு ஒரு மில்லிமீற்றரின் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு.

இதயம் ஒரு நிமிடத்தில் வெளியேற்றும் ஏறக்குறைய ஐந்து லீற்றர் குருதி முழுவதும் இந்தச் சுவர்களை ஒட்டியே ஓடுகிறது. நாம் ஓய்வாக இருக்கும்போது ஒரு செங்குருதிக் கலம் காற்றறையைச் சுற்றியுள்ள மயிர்த்துளைக் குழாயைக் கடக்க முக்கால் செக்கன் எடுத்துக்கொள்கிறது. அது ஒட்சிசனை நிறைத்துக்கொள்ளக் கால் செக்கன் போதும். மிச்ச அரைச் செக்கன் முழுவதும் கையிருப்பு. பேருந்தைப் பிடிக்க ஓடும்போது குருதி வேகமாகப் பாய்ந்தாலும் ஒட்சிசன் குறையாமல் இருப்பதற்கு அந்த அரைச் செக்கன்தான் காரணம். நோயினால் சுவர் தடித்துப்போனவருக்கு முதலில் பறிபோவதும் அதுவே. அதனால்தான் அவர் கதிரையில் இருக்கும்வரை நன்றாக இருக்கிறார், எழுந்து நடந்தால் திணறுகிறார்.

மூச்சை உள்ளே இழுப்பது நுரையீரல் அன்று. அதற்கென்று சொந்தத் தசைவலு இல்லை. மார்புக்கும் வயிற்றுக்கும் இடையில் குவிந்திருக்கும் பிரிமென்றகடு கீழிறங்கித் தட்டையாக, விலா எலும்புகள் மேலெழும்ப, மார்புக்கூடு விரிந்து உள்ளே அழுத்தம் குறைகிறது. காற்று தானாகவே உள்ளே வருகிறது. வெளிவிடும்போது விரிந்த நுரையீரல் தன் மீள்சக்தியாலேயே சுருங்குகிறது. ஓய்வில் இருக்கும் ஒருவர் ஒரு மூச்சில் எடுப்பது அரை லீற்றர். அதில் ஏறத்தாழ 150 மில்லிலீற்றர், குழாய்களை நிரப்புவதோடு நின்றுவிடும், காற்றறைகளை எட்டாது. இந்த 150 மில்லிலீற்றரை மனதில் வைத்துக்கொண்டு ஒரு சிறிய கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நிமிடத்துக்கு 12 தடவை, தடவைக்கு 500 மில்லிலீற்றர் வீதம் மூச்செடுப்பவர் மொத்தம் ஆறு லீற்றர் காற்றை உள்ளே எடுக்கிறார். அதில் 4.2 லீற்றர் காற்றறைகளைச் சேர்கிறது. பதற்றத்தில் நிமிடத்துக்கு 24 தடவை, தடவைக்கு 250 மில்லிலீற்றர் வீதம் எடுப்பவரும் அதே ஆறு லீற்றரைத்தான் எடுக்கிறார். ஆனால் அவருடைய காற்றறைகளுக்குப் போய்ச் சேர்வது 2.4 லீற்றர் மட்டுமே. ஆறுதலாகவும் ஆழமாகவும் மூச்செடுக்கச் சொல்லும் நமது மரபின் அறிவுரைக்குப் பின்னால் இப்படி ஒரு தெளிவான எண்கணிதம் இருப்பதை அறிந்தபோது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி உண்டானது.

காற்றறைகளின் உட்சுவர் ஈரமானது. ஈரப்பரப்பு எதுவும் சுருங்கப் பார்க்கும். அவ்வளவு சிறிய அறையில் அந்த இழுவிசை அறையையே மூடிவிடப் போதுமானது. அதைத் தடுப்பதற்குக் காற்றறைச் சுவரிலுள்ள ஒரு வகைக் கலங்கள், கொழுப்புச் சேர்ந்த ஒரு மெல்லிய பூச்சைச் சுரக்கின்றன. கருவில் இந்தப் பூச்சு போதிய அளவு சேர்வதற்கு ஏறத்தாழ 34, 35 வாரங்களாகும். அதற்கு முன்னர் பிறந்த குழந்தைகள் பல மூச்சுத் திணறி இறந்ததற்கு இதன் குறைபாடே காரணம் என்பதை 1959இல் மேரி எலன் ஏவரியும் ஜியர் மீட்டும் காட்டினார்கள். 1972இல் நியூசிலாந்தின் லிகின்ஸ், ஹோவி இருவரும், குறைமாதப் பிரசவம் நேரக்கூடிய தாய்க்கு முன்கூட்டியே ஸ்டீரொயிட் ஊசி கொடுத்தால் குழந்தையின் நுரையீரல் விரைவில் முதிர்கிறது என்று நிறுவினார்கள். இன்று நமது பிரசவ விடுதிகளில் வழக்கமாகப் போடப்படும் அந்த ஊசிக்கு உயிரோடு கடன்பட்டவர்கள் நம்மிடையே ஏராளம். என் தங்கையின் மகனும் அவர்களுள் ஒருவன்.

பிறந்த குழந்தையின் நுரையீரல், பெரியவர்களின் நுரையீரலின் சிறிய வடிவம் அன்று. பிறக்கும்போது காற்றறைகள் சில கோடிகளே இருக்கும். முதல் இரண்டு மூன்று ஆண்டுகளில் அவை மிக வேகமாகப் பெருகி, அதன் பின்னரும் பல ஆண்டுகள் மெதுவாகக் கூடிக்கொண்டே போகும். நுரையீரலின் வலு இருபது முதல் இருபத்தைந்து வயதுக்குள் உச்சத்தைத் தொடுகிறது. சிறிது காலம் அப்படியே நின்று, பிறகு இறங்கத் தொடங்குகிறது. புகைக்காத, நோயற்ற ஒருவரிலும், ஒரு செக்கனில் பலமாக ஊதித் தள்ளக்கூடிய காற்றின் அளவு ஆண்டுக்கு 25 முதல் 30 மில்லிலீற்றர் வரை குறைகிறது. நாற்பது ஆண்டுகளில் ஏறத்தாழ ஒரு லீற்றர். இது எல்லோருக்கும் பொதுவான இறக்கம், இதை நிறுத்த வழியில்லை. எந்த உயரத்திலிருந்து இறங்கத் தொடங்குகிறோம், எவ்வளவு செங்குத்தாக இறங்குகிறோம் என்ற இரண்டும்தான் மனிதருக்கு மனிதர் வேறுபடுகின்றன. முதலாவதைச் சிறுவயதுக் காற்றும் உணவும் தொற்றுக்களும் தீர்மானிக்கின்றன. இரண்டாவதில் நம் கை கொஞ்சம் இருக்கிறது.

சேதம் தொடங்கும் இடம் பெரும்பாலும் இரண்டு மில்லிமீற்றருக்கும் குறைந்த அகலமுள்ள சிறு குழாய்கள். அவை எண்ணிக்கையில் மிக அதிகம் என்பதால், பல அடைபட்டாலும் மொத்தக் காற்றோட்டத்தில் வித்தியாசம் தெரியாது. மருத்துவர்கள் அந்தப் பகுதியை மௌன வலயம் என்கிறார்கள். ஒரு குழாயின் அகலம் பாதியானால் அதனூடாகக் காற்றைச் செலுத்துவதற்கான தடை பதினாறு மடங்காகும் என்பது இயற்பியலின் விதி. ஆகவே மௌனம் கலையத் தொடங்கிய பிறகு நிலைமை விரைவாக மோசமாகிறது.

என் அம்மாவுக்கு நேர்ந்தது இதுதான். தொடர்மாடியின் மின்தூக்கி பழுதாகும் நாட்களில் மாடிப்படியின் ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, "வயசு போனா இளைக்கும்தானே பிள்ளை" என்பார். பிறகு குளித்துவிட்டு வந்தாலும் இளைக்கத் தொடங்கியது. மார்பு நோய்களுக்கான வைத்தியர் ஒருவர் எக்ஸ்றேயைப் பார்த்துவிட்டு, ஊதிப் பார்க்கும் சோதனைக்கு அனுப்பினார்.

ஸ்பைரோமெற்றி எனப்படும் அந்தச் சோதனையின் அடிப்படைக் கருவியை 1840களில் இங்கிலாந்தின் ஜோன் ஹட்சின்சன் வடிவமைத்தார். இன்று அது கைக்கு அடக்கமான ஒரு கருவியும் ஒரு கணினித் திரையும்தான். அம்மாவின் மூக்கில் ஒரு கவ்வியைப் பொருத்தி, அட்டைக் குழாயை உதடுகளால் இறுகக் கவ்வச் சொன்னார் அங்கிருந்த பெண். இயன்றமட்டும் மூச்சை உள்ளே இழுத்து, ஒரேயடியாக வெடித்தாற்போல் ஊதி, உள்ளே எதுவும் மிச்சமில்லை என்று தோன்றிய பிறகும் ஊதிக்கொண்டே இருக்க வேண்டும். "ஊதுங்கோ அம்மா, ஊதுங்கோ, ஊதுங்கோ, இன்னும், இன்னும், விடாதேங்கோ!" என்று அந்தப் பெண் தானே ஊதுவதுபோல் முகம் சிவக்கச் சத்தமிட்டார். திரையில் கோடு செங்குத்தாக ஏறி வளைய வேண்டும். அம்மாவின் கோடு தயங்கித் தயங்கிச் சாய்ந்தே ஏறியது. நலமான ஒருவர், ஊதும் மொத்தக் காற்றில் முக்கால் பங்கு அளவை முதல் செக்கனிலேயே தள்ளிவிடுவார். வயதானவர்களில் இது கொஞ்சம் குறையலாம். அம்மாவால் பாதியைச் சற்றுத் தாண்டத்தான் முடிந்தது. குழாய்களை விரிக்கும் மருந்தைப் பம்ப் (இன்ஹேலர்) மூலம் கொடுத்து, கால் மணி நேரம் இருத்தி வைத்துவிட்டு மறுபடியும் ஊதச் சொன்னார்கள். எண் அதிகம் மாறவில்லை. மருந்துக்குக் குழாய்கள் நன்றாகத் திறந்துகொண்டால் அது பெரும்பாலும் ஆஸ்துமா, நமது ஊர்ப் பேச்சில் தொய்வு. மருந்துக்குப் பின்னரும் முதல் செக்கனின் பங்கு 70 வீதத்துக்குக் கீழேயே நின்றால், அது நாட்பட்ட சுவாசத்தடை நோய். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் 2019ஆம் ஆண்டு உலக மரணங்களின் காரணங்களுள் அது மூன்றாம் இடத்தில் இருந்தது.

அம்மா வாழ்நாளில் ஒரு பீடியைக்கூடத் தொட்டதில்லை. வைத்தியர் அதைக் கேட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போனார்.

"விறகடுப்பில எத்தினை வருஷம் சமைச்சிருப்பியள் அம்மா?"

"கலியாணம் கட்டின நாள் தொடக்கம் கொழும்புக்கு வரும்வரைக்கும் அதுதான் டொக்டர். அதுக்கு முந்தி அம்மாவின்ர அடுப்படியில."

யாழ்ப்பாணத்துக் குசினியை அறிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பனைமட்டையும் கொக்காரையும் பன்னாடையும் ஊமலும் காய்ந்த தென்னம்பாளையும்தான் எரிபொருள். மாரி காலத்தில் அவை நனைந்து, தீயைவிடப் புகையே அதிகம் வரும். ஊதுகுழலை வாயில் வைத்து, அடுப்புக்கு நேரே குனிந்து, ஆழ்ந்து மூச்செடுத்து ஊத வேண்டும். அந்த ஆழ்ந்த மூச்சு முழுவதும் புகைக்குள்ளிருந்தே வருகிறது. தொண்ணூறுகளில் மண்ணெண்ணெய் கிடைக்காமல் ஜாம் போத்தல் விளக்கில் படித்த தலைமுறைக்கு, சமையலுக்கு மண்ணெண்ணெய் அடுப்பு என்பது எண்ணிப் பார்க்க முடியாத வசதி. முதுகில் அல்லது இடுப்பில் இருந்த பிள்ளையும் அதே புகையைத்தான் சுவாசித்தது, அதன் காற்றறைகள் பெருகிக்கொண்டிருந்த அதே மாதங்களில். வீட்டுக்குள் எரிபொருள் எரிப்பதால் உண்டாகும் மாசு 2020ஆம் ஆண்டில் உலகில் 32 இலட்சம் உயிர்களைப் பறித்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. நமது பெண்களின் மூச்சு வாங்குதலை வயதின் கணக்கிலும் உடற்பருமனின் கணக்கிலும் எழுதிவிடும் வழக்கம் மாற வேண்டும் என்று நான் மிகவும் விரும்புகிறேன். புகைத்தீர்களா என்ற கேள்விக்குப் பக்கத்தில் எந்த அடுப்பில் சமைத்தீர்கள் என்ற கேள்வியும் எப்போதும் இருக்க வேண்டும்.

கொழும்பில் எரிவாயு அடுப்புக்கு வந்துவிட்டதனால் வீட்டுப்புகை முடிந்துவிடவில்லை. 2022இல் எரிவாயு கிடைக்காமல் வீதிகளில் சிலிண்டர்கள் வரிசையில் நின்ற மாதங்களில், தொடர்மாடிகளின் பல்கனிகளிலும் மாடிப்படி முகப்புகளிலும் விறகு எரிந்ததை எல்லோரும் கண்டோம். அது ஒரு நெருக்கடிக் காலம், கடந்துபோனது. நாளாந்தம் நடப்பது நுளம்புத்திரி. ஒரு நுளம்புத்திரி முழுவதும் எரிந்து வெளிவிடும் நுண்துகள்களின் அளவு 75 முதல் 137 சிகரெட்டுகள் வெளிவிடும் அளவுக்குச் சமம் என்று 2003இல் வெளியான ஓர் ஆய்வு அளந்து சொன்னது. எல்லா நச்சும் சிகரெட்டுக்குச் சமம் என்று இதற்குப் பொருளில்லை, துகள்களின் நிறை மட்டுமே ஒப்பிடப்பட்டது. ஆயினும் யன்னல்களை மூடிவிட்டு, குழந்தையின் கட்டிலுக்குக் கீழே திரியைக் கொளுத்தி வைப்பதற்கு முன் அந்த எண்ணை ஒரு தடவை நினைத்துக்கொள்ள வேண்டும். டெங்கு இருக்கும் நகரத்தில் நுளம்பை அலட்சியம் செய்ய முடியாது என்பதும் உண்மை. வலை, யன்னல்களுக்குக் கம்பிவலை, வாரமொருமுறை பூச்சாடித் தட்டுகளையும் பீலிகளையும் வெறுமையாக்குவது ஆகியவை புகையில்லாமல் அதே வேலையைச் செய்கின்றன. டெங்கைப் பரப்பும் நுளம்பு பெரும்பாலும் பகலிலேயே கடிப்பதால், இரவு முழுவதும் எரியும் திரி அந்த நோய்க்கு எதிராகச் செய்வது குறைவு. சாம்பிராணியையும் ஊதுபத்தியையும் பற்றி எழுதினால் சிலருக்கு மனம் நோகலாம். சுவாமியறைக் கதவையும் யன்னலையும் திறந்து வைத்துக் கொளுத்துங்கள் என்பதற்கு மேல் நான் எதுவும் கேட்கவில்லை.

வெளிக்காற்றைப் பொறுத்தவரை கொழும்புக்குக் கடல் ஒரு பெரும் கொடை. பகலில் கடற்காற்று நகரத்தைக் கழுவிக்கொண்டே இருக்கும். தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் வானம் தெளிவாக இருப்பதை யாரும் கவனிக்கலாம். நவம்பர் முடிவிலிருந்து பெப்ரவரி வரை காற்றின் திசை மாறி, உபகண்டத்தின் மாசும் சேர்ந்து வருகிறது. 2022 டிசம்பரில் வங்கக்கடலில் மண்டூஸ் புயல் இருந்த நாட்களில், கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் காற்று அவ்வளவு மோசமாகிப் பாடசாலைகளுக்கு விடுமுறை விடவேண்டி வந்தது. இவ்வாறான நாட்கள் செய்தியாகின்றன. செய்தியாகாமல் நடப்பது, புறக்கோட்டையிலும் மருதானையிலும் காலி வீதியிலும் பேருந்துகளின் கரும்புகைக்கு நடுவே ஒவ்வொரு காலையிலும் பிள்ளைகள் பாடசாலைக்குப் போவது. 2021இல் உலக சுகாதார நிறுவனம், 2.5 மைக்கிரோமீற்றருக்குச் சிறிய துகள்களுக்கான ஆண்டுச் சராசரி வரம்பை ஒரு கனமீற்றருக்கு 5 மைக்கிரோகிராம் என்று பாதியாகக் குறைத்தது. கொழும்பின் காற்று அந்த வரம்பைப் பல மடங்கு தாண்டியே இருந்து வருகிறது.

துகளின் இந்த அளவு ஏன் முக்கியம் என்றால், பெரிய தூசை மறிக்க உடலுக்குத் தெரியும். மூக்கு மயிரும் ஈரமும் முதலில் பிடிக்கின்றன. புறக்கோட்டையில் ஒரு பகல் அலைந்துவிட்டு வந்து மூக்கைத் துடைத்தால் கைலேஞ்சியில் படியும் கறுப்பு அதுதான். தப்பி உள்ளே போவது சளிப்படலத்தில் ஒட்டிக்கொள்ள, குழாய்ச் சுவரிலுள்ள மயிர் போன்ற நுண்ணிய பிசிர்கள் செக்கனுக்குப் பத்துத் தடவைக்கு மேல் அடித்து, அந்தப் படலத்தைத் தொண்டையை நோக்கி மேலே தள்ளிக்கொண்டே இருக்கின்றன. நாம் அறியாமலே விழுங்கிவிடுகிறோம். மிக நுண்ணிய துகள்களோ இந்தக் காவலையெல்லாம் கடந்து காற்றறை வரைக்கும் போய்விடும். அங்கே பிசிர்கள் இல்லை. துகள்களை விழுங்கும் கலங்கள் மட்டுமே இருக்கின்றன. அவை விழுங்கிச் செரிக்க முடியாதபோது அழற்சி உண்டாகிறது. காற்றைத் திருத்தினால் பலன் உண்டா என்று கேட்பவர்களுக்குத் தென் கலிபோர்னியாவில் நடந்த ஆய்வு விடை சொல்கிறது. 1994 முதல் 2011 வரை அங்கு காற்று படிப்படியாகச் சுத்தமாக்கப்பட்டபோது, பதினொரு வயதிலிருந்து பதினைந்து வயதுவரையான பிள்ளைகளின் நுரையீரல் வளர்ச்சி, முந்திய தொகுதிப் பிள்ளைகளைவிடத் தெளிவாகக் கூடியிருந்தது. 2015இல் அந்த முடிவு வெளியானது. பிள்ளைகளின் காற்றறைகளைத் திருத்துவதற்குக் கொள்கை முடிவுகளால் முடியும் என்பதற்கு இதைவிட நேரடியான சான்று எனக்குத் தெரியாது.

புகையிலையைப் பற்றிப் புதிதாகச் சொல்ல எதுவுமில்லை என்று பலர் நினைக்கிறார்கள். யாழ்ப்பாணத்துச் சுருட்டைத் தெற்கு முழுவதும் கடை வைத்து விற்ற சமூகம் நாம். அந்த வருமானத்தில் படித்தவர்கள் பலர். ஆகவே இதை நாம்தான் உரத்துச் சொல்ல வேண்டும். பிரித்தானிய வைத்தியர்களை 1951 முதல் ஐம்பது ஆண்டுகள் பின்தொடர்ந்து ரிச்சர்ட் டோலும் அவருடைய குழுவினரும் 2004இல் வெளியிட்ட முடிவு, புகைப்பவர்கள் சராசரியாகப் பத்து ஆண்டு ஆயுளை இழக்கிறார்கள் என்பது. அதே ஆய்வின் மறுபக்கம் போதிய அளவு பேசப்படவில்லை. அறுபது வயதில் நிறுத்தியவர் மூன்று ஆண்டுகளையும், ஐம்பதில் நிறுத்தியவர் ஆறு ஆண்டுகளையும், நாற்பதில் நிறுத்தியவர் ஒன்பது ஆண்டுகளையும் மீட்டுக்கொண்டார்கள். முப்பதில் நிறுத்தியவர் ஏறக்குறைய முழுவதையும் மீட்டார். நுரையீரலின் வலுவைப் பொறுத்தவரை, 1977இல் ஆய்வாளர்கள் பிளெச்சரும் பீற்றோவும் காட்டியபடி, இழந்தது பெரும்பாலும் திரும்புவதில்லை. ஆனால் நிறுத்திய பின் இறக்கத்தின் வேகம் புகைக்காதவருடைய வேகத்துக்கு வந்துவிடுகிறது. நிறுத்திய முதல் வாரங்களில் இருமலும் சளியும் கூடுவதைக் கண்டு, "விட்டதாலதான் இருமுது" என்று மறுபடி தொடங்குபவர்களை நான் அறிவேன். முடங்கிக்கிடந்த பிசிர்கள் மீண்டும் இயங்கித் தேங்கிய சளியை மேலே தள்ளுவதும் அந்த இருமலுக்குக் காரணமாகலாம். சில வாரங்கள் பொறுத்தால் அது குறையும்.

பம்ப் பற்றிய அச்சத்துக்குச் சற்று நீளமாகவே பதில் சொல்ல வேண்டும், ஏனெனில் அந்த அச்சத்தால் அல்லற்படும் பிள்ளைகள் நம் வீடுகளில் அதிகம். "பம்ப் தொடங்கினா பிறகு விடேலாது", "பொம்பிளைப் பிள்ளை, பம்ப் அடிக்கிறது வெளியில தெரிஞ்சா கலியாணம் பேசேலாது" என்ற பேச்சுக்களை இன்றைக்கும் கேட்கிறேன். பம்ப் பழக்கத்தை உண்டாக்குவதில்லை. குளிசையாக மில்லிகிராம் கணக்கில் உடல் முழுவதும் போகும் ஸ்டீரொயிட், பம்பில் மைக்கிரோகிராம் கணக்கில், அதாவது ஆயிரத்தில் ஒரு பங்கு அலகில், தேவையான இடத்துக்கு நேரடியாகப் போகிறது. இழுப்பு வரும் நேரத்தில் மட்டும் நிவாரணப் பம்பை அடித்துவிட்டு, தினமும் எடுக்க வேண்டிய தடுப்புப் பம்பை நிறுத்திவிடுவதுதான் ஆஸ்துமாவில் ஆபத்தானது. எடுக்கும் முறையும் முக்கியம். பம்பை நன்றாகக் குலுக்கி, முதலில் மூச்சை வெளியே விட்டு, பிறகு பொத்தானை அழுத்தும் அதே கணத்தில் ஆறுதலாக ஆழ்ந்து இழுத்து, பத்துவரை எண்ணும் நேரம் மூச்சைப் பிடித்து வைக்க வேண்டும். படபடவென்று இழுத்தால் மருந்து தொண்டையில் மோதி அங்கேயே தங்கிவிடும். இந்த ஒருங்கிசைவு முதியோருக்கும் சிறுவருக்கும் எளிதில் வராது. அவர்களுக்கு இடையில் பொருத்தும் பிளாஸ்ரிக் அறை பெரும் உதவி. ஸ்டீரொயிட் கலந்த பம்ப் என்றால் எடுத்தவுடன் வாயைக் கொப்பளித்துத் துப்ப வேண்டும், இல்லாவிட்டால் வாயில் வெண்பூஞ்சை படியலாம். அம்மாவுக்கு இதை ஒரு தாதி ஆறுதலாக, செய்யவைத்துச் செய்யவைத்துக் கற்றுக்கொடுத்தார். அந்தப் பாடம் மருந்துச்சீட்டைவிடப் பெறுமதி வாய்ந்தது.

உடற்பயிற்சி புதிய காற்றறைகளைத் தராது. வளர்ந்தவரின் நுரையீரல் கொள்ளளவை அது பெரிதாகக் கூட்டுவதுமில்லை. அது செய்வது வேறு. கால் தசைகளும் பிரிமென்றகடும் பழக்கப்பட்டால், அதே மாடியை ஏறக் குறைந்த மூச்சே தேவைப்படுகிறது. ஆகவே இருக்கும் கையிருப்பு நீண்ட தூரம் போகிறது. மூச்சு வாங்குகிறது என்பதற்காக நடையை நிறுத்துபவரின் தசைகள் மெலிந்து, அடுத்த மாதம் இன்னும் குறைந்த தூரத்திலேயே மூச்சு வாங்கும். நாட்பட்ட சுவாசத்தடை நோயாளிகளுக்கும் வைத்தியர்கள் நடையை மருந்தாகவே எழுதுவது இதனால்தான். வாகனம் நெரியும் நேரத்தில் காலி வீதியோரமாக நடப்பதைவிடக் காலையில் கடலோரமாக நடப்பது மேல். மூச்சு வெளியேறுவதில் தடையுள்ளவர்கள், உதடுகளைக் குவித்து, உள்ளிழுத்த நேரத்தைப்போல் இரு மடங்கு நேரம் எடுத்து வெளிவிட்டால், சிறு குழாய்கள் இடையில் மூடிக்கொள்ளாமல் காற்று இன்னும் நன்றாக வெளியேறும். அம்மா இதை மாடிப்படியிலும் செய்யப் பழகிவிட்டார்.

தடிமன் பிடித்தால் வேது பிடிப்பது மூக்கடைப்புக்குச் சுகம் தரும்; ஆனால் ஆவி காற்றறைகளைச் சுத்தம் செய்வதில்லை, சிறுவர்களுக்குக் கொதிநீரால் வரும் ஆபத்தே அதிகம். நாட்பட்ட நுரையீரல் நோயுள்ளவர்களும் முதியவர்களும் இன்ஃபுளுவென்சா, நியூமோகொக்கஸ் தடுப்பூசிகளைப் பற்றி வைத்தியரிடம் கேட்பது அதைவிடப் பயனுள்ளது. கூரைக்கு அஸ்பெஸ்ரஸ் தகடு போட்ட வீடுகளில், அதை வாளால் அரிவதையும் துளையிடுவதையும் வீட்டுக்காரர்கள் தாங்களே செய்யக்கூடாது. நார்த்தூசு ஒருமுறை உள்ளே போனால் எளிதில் வெளியேறுவதில்லை.

இரண்டு வாரத்துக்கு மேல் நீடிக்கும் இருமலை இருமல் பாணியால் அடக்க வேண்டாம். நாட்டில் காசநோயாளிகள் அதிகமாகப் பதிவாகும் மாவட்டம் கொழும்புதான். நெருக்கமான குடியிருப்புகளில் அது பரவுவது எளிது. பிறந்தவுடன் போடப்படும் பீசிஜி ஊசி குழந்தைகளைக் கடுமையான காசநோயிலிருந்து காக்கிறதே தவிர, வாழ்நாள் முழுவதற்குமான பாதுகாப்பு அன்று. அரசாங்க மார்புநோய் சிகிச்சை நிலையங்களில் சளிப் பரிசோதனையும் ஆறு மாத மருந்தும் இலவசம். அதேபோல நாற்பது வயதைத் தாண்டியவர், புகைத்தவராகவோ விறகடுப்பில் சமைத்தவராகவோ தூசு நிறைந்த தொழில் செய்தவராகவோ இருந்து, மாடியேறும்போது தன் வயதையொத்தவர்களைவிட முன்னதாகவே நின்று இளைப்பாறுகிறார் என்றால், எக்ஸ்றே தெளிவாக இருக்கிறது என்ற பதிலோடு திருப்தியடையாமல், ஊதிப் பார்க்கும் சோதனையைத் தானே கேட்டுப் பெற வேண்டும். ஆரம்பகால அடைப்பு எக்ஸ்றேயில் தெரிவதில்லை. கிடைக்கும் அறிக்கையை எறிந்துவிடாமல் வைத்திருங்கள். அடுத்த வருடத்து எண்ணோடு ஒப்பிட்டால்தான் எவ்வளவு வேகமாகக் குறைகிறது என்று வைத்தியரால் சொல்ல முடியும்.